நடுப்பாறையில் சிற்றடி

மலையடிவாரத்து ஒரு காட்டில் விலங்குகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தன. காலில் குளம்பு உள்ளவை குளம்புக் கட்சி. நகம் உள்ளவை நகக் கட்சி. குளம்புக் கட்சிக்குத் தலைவன் திமிலன் என்ற காட்டெருது. பிடிவாதத்தில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. நகக் கட்சிக்குத் தலைவன் கம்பளியான் என்ற கரடி. முன்கோபத்தில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தக் காடு எப்படி உருப்பட்டிருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்!

சிறுத்தை எந்தக் கட்சியிலும் இல்லை. அதற்கு இரண்டு கட்சியும் இரைதான்.

அந்தக் காட்டில் ஒரு பெரிய இலுப்பை மரம். அதன் பொந்தில் எல்லா விலங்குகளும் கிழங்கும் கொட்டையும் பழமும் சேர்த்து வைக்கும். அதுதான் பொதுப் பொந்து. மர உச்சியில் உட்கார்ந்து சிறுத்தை வருகிறதா என்று காவல் பார்க்கும் கருமந்திக்கும், எல்லாருடைய காதிலும் உண்ணி எடுத்துவிடும் மைனாவுக்கும் அதிலிருந்துதான் சாப்பாடு. நாள் முழுக்கப் பொதுவேலை பார்க்கிறவர்கள் தங்களுக்கு இரை தேடப் போக முடியாதல்லவா?

பருவம் முடிந்ததும், சபையை நடத்தும் யானையம்மா பொந்தின் வாயைக் கல்லால் அடைத்துவிடுவாள். அதை மறுபடி திறக்கச் சபை சம்மதிக்க வேண்டும். சபையில் கட்சிக்குப் பதினொருவர். குளம்புக் கட்சி கிழக்கே உட்காரும், நகக் கட்சி மேற்கே உட்காரும். நடுவில் ஒரு பாறை. திறக்கச் சம்மதிப்பவர்கள் எழுந்து வந்து பாறையருகே நிற்க வேண்டும். பன்னிரண்டு பேர் நின்றால் கல் உருளும். அதுவரை பொதுவேலை யாரும் செய்யக் கூடாது. இதுதான் அந்தக் காட்டுச் சட்டம்.

அந்த வருஷம் ஆற்றோரம் மான்களும் எருதுகளும் நக்கும் உப்பு மேட்டால் வினை வந்தது.

"மேடு குளம்புக்காரர்களுக்கே சொந்தம்னு சபை சொல்லட்டும். அப்புறம் பொந்தைத் திறக்கலாம்" என்றான் திமிலன்.

"மேட்டிலே கறையான் புற்று இருக்கு. அது எங்களுக்குச் சொந்தம்னு சொல்லுங்க. அப்புறம் திறக்கலாம்" என்று உறுமினான் கம்பளியான்.

கல் அசையவில்லை. கருமந்தி மரத்தைவிட்டு இறங்கி இரை தேடப் போனது. மைனா பறந்துபோனது. உப்பு மேட்டுக்கும் உண்ணிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

குளம்புக் கட்சியில் சிற்றடி என்று ஒரு சருகுமான் இருந்தாள். முயலைவிடக் கொஞ்சம் பெரியவள். கொம்பு கிடையாது. உரத்த குரலும் கிடையாது. போன மாதம்தான் ஒரு குட்டி போட்டிருந்தாள். காவல் இல்லாத காட்டில் அந்தக் குட்டியை வைத்துக்கொண்டு ஒரு கண்ணைத் திறந்தபடியே தூங்கினாள்.

நகக் கட்சியில் ஈட்டியன் என்ற முள்ளம்பன்றி அவளுக்குப் பழக்கம். சபை உறுப்பினர்களான இருவரும் நாவல் மரத்தடியில் சந்தித்தார்கள்.

"அண்ணே, மேட்டுச் சண்டையை நிதானமாப் போட்டுக்கலாம். முதல்லே பொந்தைத் திறந்தா என்ன?" என்றாள் சிற்றடி.

"அதையேதான் நானும் நினைக்கிறேன், தங்கச்சி" என்றான் ஈட்டியன். "ஆனா எங்க தலைவர் முறைச்சா எனக்கு முள்ளே மடங்கிடுதே!"

"எங்க தலைவர் மட்டும் என்னவாம்? நடுப்பாறைக்குப் போனவங்களுக்கு மந்தையிலே இடமில்லைன்னு சொல்லிட்டார். நாளைக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே போவோமா?"

"போவோம்! சத்தியமாப் போவோம்."

மறுநாள் சபை கூடியது. சிற்றடி ஈட்டியனைப் பார்த்தாள். ஈட்டியன் சிற்றடியைப் பார்த்தான். அவர் எழுந்ததும் நான் எழுவேன் என்று அவள் காத்திருந்தாள். அவள் எழுந்ததும் நான் எழுவேன் என்று அவன் காத்திருந்தான். சபை கலைந்தது.

"ஏன் அண்ணே வரலே?"

"நீ ஏன் வரலே?"

மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும் அதே கதை. இரண்டு பேருமே நல்லவர்கள்தான், பொய் சொல்லத் தெரியாதவர்கள்தான். நல்லவர்கள் இருவர் சேர்ந்து காட்டை மூன்று நாள் காவலில்லாமல் விட்டார்கள்.

கல் மூடிய பதினோராம் நாள், நடுப்பகல். சருகுக் குவியலில் குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. சிற்றடி நான்கடி தள்ளி, விழுந்த அத்திப்பழத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சருகு ஒரு தரம் நொறுங்கியது. திரும்பினாள். புதருக்கு வெளியே சிறுத்தையின் தலை!

அவளுக்குக் கால் ஓடவில்லை. மேலே இருந்து ஒரு குரல் வரும் என்று பழக்கத்தில் அண்ணாந்து பார்த்தாள். கிளை காலியாக இருந்தது.

சிறுத்தை பாய்ந்தது. அதே நேரம் பக்கத்தில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த ஈட்டியன் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு பின்பக்கமாக ஓடிவந்து குறுக்கே விழுந்தான். சிறுத்தையின் மூக்கில் இரண்டு முள் ஏறின. அது அலறிக்கொண்டு புதருக்குள் மறைந்தது. குட்டிக்குத் தொடையில் ஒரு கீறலோடு போயிற்று.

சிற்றடி குட்டியை நக்கி நக்கி அழுதாள். பிறகு நேரே திமிலனிடம் ஓடினாள்.

"தலைவரே, என் குட்டி சாகப் பார்த்துச்சு! மந்தை எங்கே போச்சு?"

திமிலன் காதைப் படபடவென்று அடித்துக்கொண்டான். காது நிறைய உண்ணி. "கொஞ்சம் பொறுத்துக்க, தங்கச்சி. அவங்க இறங்கி வரப் போறாங்க. இந்த நேரத்திலே நாம விட்டுக்கொடுத்தா கட்சி மானம் என்னாவுறது?"

சிற்றடி திரும்பி நடந்தாள். வழியில் கருமந்தி ஒரு காய்ந்த மரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தது. "அக்கா, நான் மட்டும் மேலே இருந்திருந்தா..." என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அப்போதுதான் சிற்றடிக்கு உறைத்தது. 'இத்தனை நாளாக என்னைக் காத்தது மந்தையா? இந்த மந்தியின் குரல் அல்லவா! மந்தைக்குப் பயந்து மந்தியைத் தொலைத்தேனே!'

அன்று மாலையே சபை கூடியது.

"பொந்தைத் திறக்கச் சம்மதிக்கிறவங்க வரலாம்" என்றாள் யானையம்மா, பதினோரு நாளாகச் சொல்லிச் சலித்த குரலில்.

சிற்றடி ஈட்டியனைப் பார்க்கவில்லை. யாரையும் பார்க்கவில்லை. எழுந்து நடந்தாள். நடுப்பாறை அத்தனை தூரத்தில் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

"சிற்றடி! எங்கே போறே?" திமிலன் முழங்கினான்.

"பாறைக்குப் போறேன், தலைவரே. நான் இன்னும் குளம்புக் கட்சிதான். உப்பு மேடு நமக்குத்தான் வேணும்னு நாளைக்கும் சொல்லுவேன். ஆனா என் குட்டி நாளைக்கு இருக்கணும்."

பாறையருகே தன்னந்தனியாக நின்றாள்.

சலசலவென்று சத்தம் வந்தது. ஈட்டியன்! "மன்னிச்சுக்க, தங்கச்சி. இன்னைக்கும் நீ எழுந்த பிறகுதான் வரேன்."

"டேய்!" என்று கம்பளியான் பாய எழுந்தான். அதற்குள் அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து கீரி நழுவி ஓடியது. கீரியின் பின்னே மரநாய். கிழக்கே இருந்து இரண்டு புள்ளிமான்கள், காட்டுப்பன்றி, கடமான். மேற்கே இருந்து அணில், முயல், எறும்புதின்னி. ஒவ்வொருவரும் தலைவர் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி வந்து சேர்ந்தார்கள்.

யானையம்மா எண்ணினாள். "பதினொன்று."

இன்னும் ஒன்று வேண்டும்.

திமிலனுக்குப் பக்கத்தில் படுத்திருந்த அவன் மனைவி மெல்ல எழுந்தாள். அவளும் சபை உறுப்பினர்தான்.

"நீயுமா?" என்றான் திமிலன்.

"பதினோரு நாளா ராத்திரி முழுக்கக் காதை அடிச்சுக்கிட்டு என்னையும் தூங்க விடலே. மீதியை வீட்டிலே பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவள் பாறையை நோக்கி நடந்தாள்.

"பன்னிரண்டு!" யானையம்மாவின் பிளிறல் மலையில் மோதித் திரும்பியது. கல் உருண்டது. இலுப்பைப் பொந்திலிருந்து பழவாசனை குபுகுபுவென்று வந்தது. கருமந்தி இரண்டு கிழங்கைக் கவ்விக்கொண்டு, மென்றபடியே மர உச்சிக்கு ஓடியது.

சிற்றடி தலையைக் குனிந்துகொண்டு திமிலன் முன்னால் வந்து நின்றாள். "மந்தையை விட்டுப் போகட்டுமா, தலைவரே?"

திமிலன் அவளை முறைக்கப் பார்த்தான். முடியவில்லை. பெரிய மூச்சு ஒன்று விட்டான். அவன் எத்தனை நாளாக அந்த மூச்சைப் பிடித்துவைத்திருந்தானோ! "போறதாவது? நம்ம கட்சியிலே எழுந்து போன ஆறு பேரையும் துரத்திட்டு நான் யாருக்குத் தலைவனா இருக்கிறது? முதல்லே அந்த மைனாவைக் கூப்பிடு!"

அந்தப் பக்கம் கம்பளியான் தன் கட்சிக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "பாத்தீங்களா? கடைசியிலே நாமதான் ஜெயிச்சோம்!" இந்தப் பக்கம், மைனாவுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டே திமிலனும் அதையேதான் சொன்னான். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று யாரும் மறுக்கவில்லை.

மறுநாள் சிறுத்தை மூக்கில் வீக்கத்தோடு சருகுக் குவியலைத் தேடி வந்தது. உச்சிக் கிளையிலிருந்து கருமந்தி தொண்டை கிழியக் கத்தியது. குளம்பும் நகமும் ஒன்றாகச் சிதறி ஓடின. சிறுத்தை வெறும் வாயோடு திரும்பியது.

சிற்றடி குட்டியை அணைத்துப் படுத்தாள். பதினோரு நாளுக்குப் பிறகு இரண்டு கண்ணையும் மூடித் தூங்கினாள்.

நீதி: எல்லாரும் மனதுக்குள் வைத்திருக்கும் நல்லதைச் செய்ய, அடுத்தவர் எழட்டும் என்று காத்திராமல் ஒருவர் முதலில் எழ வேண்டும்.