முட்டி மடங்காதவளும் கொக்கிச்செடியும்

கண்ணை மூடிக்கோ, சொல்றேன். ஒரு ஊர்லன்னு ஆரம்பிக்கலாம்னா, அது ஊரே இல்ல. ஆப்பிரிக்காவுல களஹாரின்னு ஒரு செம்மணல் காடு. அங்கங்க சில குடிசைங்க. குட்டையில தண்ணி இருக்கிற வரைக்கும் ஜனங்க இருப்பாங்க, வத்திப்போனா மூட்டையக் கட்டிக்கிட்டு நடந்துருவாங்க. அதுல கடைசிக் குடிசையில செதுன்யான்னு ஒருத்தி தனியா இருந்தா. புருஷன் செத்துட்டான். மகன் சுரங்க வேலைக்குப் போனவன், போனவன்தான். ம் சொல்லு.

"ம்."

அவளுக்கு ரெண்டு முட்டியும் பரங்கிக்காயா வீங்கிப்போச்சு. நின்னா நிக்கலாம், கீழ உக்காந்தா எழுந்திரிக்க முடியாது. கூழ் குடிக்கிறதும் நின்னுக்கிட்டே. தூங்கறதுக்கு மட்டும் இடுப்பு உசரத்துல ஒரு பலகை.

அப்போ குட்டை வத்த ஆரம்பிச்சுது. கூட்டத்துக்குப் பெரியவர் வந்து சொன்னாரு, கழுதை மேல தண்ணியும் கைக்குழந்தைங்களும்தான் போகும், மத்தவங்க நடக்கணும்னு. நடக்க முடியாதவங்க என்ன செய்யணும்னு அவர் சொல்லல. அவளும் கேக்கல.

மருந்து இல்லாம இல்ல. மணல்ல படர்ற கொக்கிச்செடி. காயெல்லாம் வளைஞ்ச முள்ளு, ஆட்டுக் காலைப் பிடிச்சா விடாது. அதோட கிழங்கை நறுக்கி, காயவச்சு, கொதிக்கவச்சுக் குடிச்சா வீக்கம் தணியும்னு அந்த ஜனங்க சொல்லுவாங்க. ஆனா கிழங்கு கை ஆழத்துல இருக்கு. முட்டி போட்டுத் தோண்டணும். முட்டி வலிக்கு மருந்து, அதுக்கு முட்டி போடணும். எப்படி இருக்கு பாரு.

"வேற யாராச்சும் தோண்டித் தரலாம்ல?"

தரலாம். நேயோன்னு நாத்தனா இருந்தா. வருஷா வருஷம் ரெண்டு பேரும் சேர்ந்துதான் தோண்டுவாங்க. ஆனா செதுன்யாவோட ஆடு நேயோவோட தர்பூசணிக் கொடியை மேய்ஞ்சதுலருந்து ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல.

அப்புறம் செதுன்யா ஒரு நீளக் கம்பை எடுத்துக்கிட்டுப் போய், நின்னபடியே தோண்டினா. சரக், சரக். தோண்டத் தோண்ட மணல் பொலபொலன்னு உள்ளயே சரிஞ்சுது. அந்தப் பக்கமா வந்த நேயோ இவளைப் பாக்காம ஆட்டைப் பாத்துப் பேசினா: "ஏய் ஆடே, உங்க ஆத்தாகிட்ட சொல்லு. கிழங்குக்குக் கம்பு ஆகாது, கை வேணும்."

செதுன்யாவும் ஆட்டுகிட்டயே சொன்னா: "கையை வச்சிருக்கிறவங்க பத்திரமா வச்சுக்கட்டும்னு சொல்லு."

நேயோ போயிட்டா. ஆடு போறவளையும் நிக்கிறவளையும் பாத்து முழிச்சுது.

மறுநாள் கொக்கிச்செடியோட கொடியை ஆட்டுக் கழுத்துல கட்டி இழுக்கவிட்டா. டப்! கொடி அறுந்துச்சு, ஆடு ஓடிடுச்சு, கிழங்கு மண்ணுக்குள்ளயே.

மூணாவது தடவை வேற வழி தெரியல. இன்னொரு செடி பக்கத்துல போய் நின்னா. ரொம்ப நேரம் நின்னா. அப்புறம் மரம் சாயற மாதிரி தொப்புன்னு விழுந்தா.

"அச்சச்சோ."

ம். குப்புறப் படுத்துத் தோள் வரைக்கும் கையை விட்டுத் தோண்டினா. பக்கத்துக் கிழங்கு கொழுகொழுன்னு கையில வந்துச்சு. நடுவுல இருக்கிற தாய்க்கிழங்கைத் தொட்டுப் பாத்துட்டு விட்டுட்டா. அதை எடுத்தா செடி செத்துப்போகும். யாரும் பாக்கல, ஆனாலும் குழியை மண் தள்ளி மூடினா. அப்புறம் எழுந்திரிக்கப் பாத்தா. முடியல. மறுபடி பாத்தா. முடியல.

மருந்து கையில இருக்கு. அடுப்பு அங்க இருக்கு. நடுவுல மணல். வாயைத் தொறந்தா, செத்துப்போன புருஷன் பேர்தான் வந்துச்சு. அடுத்து நேயோ பேர் தொண்டை வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டா.

முழங்கையை ஊன்றி ஊன்றி, சர்ர்... சர்ர்னு இழுத்துக்கிட்டே போய், குடிசைக் கம்பத்தைப் பிடிச்சு ஒருவழியா எழுந்தா. கிழங்கை நறுக்கிக் காயவச்சா. தினம் கொதிக்கவச்சுக் குடிச்சா. நாக்கே சுருண்டுபோற கசப்பு. "என்ன கசப்புடி இது"ன்னு சொல்றதுக்குக்கூட ஆள் இல்ல.

வலி போகல. ஆனா வீக்கம் வத்துச்சு. உக்காந்து எழுந்திரிக்கற அளவுக்கு முட்டி வழிவிட்டுச்சு.

அப்புறம் கிளம்பற நாள் வந்துச்சு. எல்லாரும் நடந்தாங்க. கழுதை முன்னால, பிள்ளைங்க, பொம்பளைங்க, நேயோ. கடைசியில செதுன்யா. கொஞ்ச தூரம் எட்டி நடை போட்டா. அப்புறம் இடைவெளி விழுந்துச்சு. பேச்சுச் சத்தம் குறைஞ்சுது. கழுதை மணி குறைஞ்சுது. முன்னால போறவங்க முதுகெல்லாம் புள்ளி புள்ளியாச்சு. யாரும் திரும்பிப் பாக்கல. கேட்டுக்கிட்டிருக்கியா?

"...ம்."

அப்போ அவ நின்னா. முழுங்கின பேர் இன்னும் உள்ளயே இருந்துச்சு.

"நேயோ," ன்னு கத்தினா. "என்னால வேகமா வர முடியலடி."

கடைசிப் புள்ளி நின்னுச்சு. திரும்பல. ஆனா நின்ன இடத்துலயே நின்னுச்சு, மத்த புள்ளியெல்லாம் தள்ளிப் போயும் நின்னுச்சு. செதுன்யா மெல்ல மெல்லப் பக்கத்துல போய்ச் சேர்ந்தா.

"நடங்க அண்ணி," ன்னா நேயோ. அவ்வளவுதான். ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளித் தள்ளியே, ஒரே வேகத்துல நடந்தாங்க.

கதையும் நடந்து நடந்து அசந்துபோச்சுடா கண்ணு. காலை நீட்டு. தூங்கு.