பூசணிக்காய் லட்டு

மாம்பாறை ஜமீன்தார் வஜ்ரவேலுவுக்கு நாய்க்குட்டிகளைக் கண்டால் கை சும்மா இருக்காது. குட்டியின் தலை பெரிசு இருக்கும் முழு லட்டை எடுத்து வாயில் திணிப்பார். குட்டிகளுக்கு வயிறு உப்பிக் கழிச்சல் கண்டது. பழி, அவற்றைப் பராமரிக்கும் சிலம்பாயி மேல் விழுந்தது.

"ஒரு குட்டி செத்தாலும் உனக்கு இங்கே வேலையில்லை. ஆனால் என் கையைத் தடுக்க எவருக்கும் அதிகாரமில்லை!" என்று மீசையை முறுக்கினார்.

"நான் எதுக்குங்க எசமான் தடுக்கப்போறேன்?" என்றாள் சிலம்பாயி.

மறுநாள் அவருடைய பிறந்தநாள். அன்றைக்கு வேலையாட்கள் கொண்டுவரும் பலகாரத்தை ஜமீன்தார் ஊர் பார்க்க மிச்சமில்லாமல் தின்பது அந்த அரண்மனை வழக்கம். சிலம்பாயி ஒரு தாம்பாளத்தைத் தூக்கமாட்டாமல் தூக்கி வந்து அவர் முன் வைத்தாள். அதில் ஒரே ஒரு லட்டு, பூசணிக்காய் பெரிசில், அவர் தலைக்குச் சரியாக இருந்தது.

ஜமீன்தாருக்கு வியர்த்தது. "அடியே, இதைத் தின்றால் நான் பிழைப்பேனா?"

"குட்டியும் இதைத்தாங்க கேட்டுச்சு. அது வாயில லட்டு இருந்ததால உங்களுக்குக் கேக்கல."

கூடியிருந்தவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"சரி, குட்டிக்கு வேறென்னதான் கொடுப்பது?" என்று குரலைத் தாழ்த்தினார்.

"உப்புப் போடாம வேகவச்ச கோழிக்கறியில நகத்தளவு கிள்ளி, உள்ளங்கையில வச்சு நீட்டுங்க. அதுவா வந்து தின்னும்."

"அப்படியே செய்கிறேன். இந்த லட்டை எடுத்துக்கொண்டு போ."

சிலம்பாயி கைகட்டி நின்றாள். "வழக்கம் உங்களுதுங்க எசமான். உங்க கையைத் தடுக்க எனக்கேதுங்க அதிகாரம்?"