செவந்தி மடியும் நடுவீட்டுப் பெருவயித்தானும்

ஒரு ஊர்ல ஒரு மேகப் பொண்ணு இருந்தா, பேரு செவந்தி. நம்ம ஊரு இல்ல கண்ணு, வானத்துல நட்சத்திரங்களோட ஊரு. ஆப்பம் மாதிரி இருக்கும், ஓரமெல்லாம் மெல்லிசு, நடுவுல பொம்முனு உப்பல். அந்த உப்பல்ல வயசான மஞ்ச நட்சத்திரங்க. அங்கேர்ந்து தெருவெல்லாம் வளைஞ்சு வளைஞ்சு வெளிய ஓடும். ம் சொல்லு. அந்த ஊர்ல யாரும் நிக்கக் கூடாது, நடுவைச் சுத்தி விர்ருனு சுத்திக்கிட்டே இருக்கணும். நின்னா நடுவுல விழவேண்டியதுதான்.

நடுவுல யாரு? பெருவயித்தான். கன்னங்கரேல்னு, கண்ணுக்கே தெரியமாட்டான். அவன் வாய்க்குப் போற மேகமெல்லாம் சுத்திச் சுத்தி, ஒண்ணோட ஒண்ணு சர்ரு சர்ருனு உரசி எரியும். கெழட்டு நட்சத்திரங்கல்லாம், "அய்யாவுக்கு என்னா வெளிச்சம்!"னு கும்பிடும். செவந்தியோட தங்கச்சியும் கும்பிடணும்னு ஒரு நிமிசம் நின்னா. அவன் வாய்க்குள்ள போயிட்டா.

செவந்திக்குப் பத்திக்கிட்டு வந்துது. "அது அவன் வெளிச்சமா? எங்க சனம் எரியற வெளிச்சம்! வெக்கமா இல்ல உங்களுக்கு?"

ஏன்னா அவ மடியில இருந்த புகையும் தூசியும்தான் இனிமே குழந்தை நட்சத்திரமாகணும். அதுமேலயும் அவனுக்குக் கண்ணு.

அப்புறம் பெருவயித்தான், "வந்து கும்பிட்டுட்டுப் போ செவந்தி"ன்னான்.

"சுத்தற வேலை கெடக்கு"ன்னா.

அப்புறம் குழைஞ்சு, "உன் தங்கச்சி இங்க ஜொலிக்கிறா, நின்னு பாத்துட்டுப் போயேன்"னான். அவ சுத்திக்கிட்டே திரும்பிப் பாத்தா. ஆனா நிக்கல.

மூணாவது தடவை கூப்பிடவே இல்ல, மடியைப் புடிச்சு இழுத்தான். ஓரம் டர்ருனு கிழிஞ்சுது. "என் புள்ளைங்க உன் தீனி இல்லடா!"ன்னு கத்திக்கிட்டே சுத்துனா.

ம்? தூங்கிட்டியா? கேளு.

அந்தக் கிழிஞ்ச துண்டையும், ஏற்கெனவே வழிச்சு வச்சிருந்ததையும் சேத்து ஒரே வாயா அடைச்சான். வாய்கிட்ட எல்லாம் குவிஞ்சு, கொதிச்சு, டமார்! மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு நெருப்புத் தூணு பாஞ்சுது. சுத்தியும் உஸ்ஸுன்னு அனல்காத்து கெளம்பி, அவன் தின்னது போக மிச்சத் தீனி எல்லாத்தையும் வெளிய தள்ளிடுச்சு. அந்தக் காத்து செவந்தி மடியை அமுக்குச்சு பாரு, பளிச்! பளிச்! பளிச்! நீலநீலமா குழந்தைங்க.

பெருவயித்தான் முன்னாடி ஒண்ணுமில்ல, கும்மிருட்டு. "அய்யாவோட வெளிச்சம் எங்க?"ன்னு கெழடுங்க கேட்டுதுங்க.

"தின்னு முடிச்சிட்டான்"னா செவந்தி.

தங்கச்சி திரும்பல கண்ணு. அந்தக் கோவம் அவளுக்கும் போகல, எனக்கும் போகல.

நம்ம சூரியனும் நடுவீட்டுப் புள்ள இல்ல, ஓரத்துத் தெருவுல ஒரு மேகத்தம்மா மடியில பொறந்ததுதான். காலையில அதுவே வந்து எழுப்பும். கதை அவ்ளோதான், கண்ணை மூடு.