தடுப்புக்கு அந்தப் பக்கம்

மே மாதம் வந்துவிட்டால் கல்லூரியில் காக்காய்தான் இருக்கும். அந்த வருஷம் பிள்ளைகள் இருந்தார்கள்.

எல்லாம் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகப்போகிற பள்ளிப் பிள்ளைகள். கல்லூரிப் பாடம் எப்படி இருக்கும் என்று விடுமுறையில் வந்து கொஞ்சம் ருசி பார்த்துவிட்டுப் போகட்டும் என்று கல்லூரியில் ஏற்பாடு செய்திருந்தார்கள். பொறுப்பு பேராசிரியர் உலகம்மை. பாடம் நடத்த இரண்டு பேர். தாவரவியலுக்குச் செண்பகவல்லி, இயற்பியலுக்கு ஜெபராணி.

வகுப்பறைகளுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் பெரிய ஹாலை இரண்டாக்கி நடுவே ஒரு பலகைத் தடுப்பை நிறுத்தியிருந்தார்கள். அது ஆள் உயரத்துக்குத்தான் இருந்தது. ஆளை மறைக்கும், சத்தத்தை மறைக்காது.

செண்பகவல்லி வேலைக்குச் சேர்ந்த நாளாக ஆய்வகத்தில்தான் நின்றாள். இலையை நறுக்கிக் கொடு, கண்ணாடித் தகட்டைக் கழுவி வை, இதுதான் வேலை. முழுசாக ஒரு வகுப்பு அவள் கைக்கு வந்தது இதுதான் முதல் தடவை. அதுவும் யார் கொடுத்தது? உலகம்மை மேடம். அவளுக்கே பாடம் சொல்லித்தந்தவர். "மேடம் என்னை நம்பிக் குடுத்திருக்காங்க" என்று வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் சொல்லியாயிற்று. பால்காரருக்குக்கூடத் தெரியும்.

ஒரே ஒரு சிக்கல். முதல் வாரம் பிள்ளைகள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் உட்காரலாம். சனிக்கிழமை ஏதாவது ஒரு பக்கத்துக்குப் பேர் கொடுத்துவிட வேண்டும். ஆள் சேராத வகுப்பை மூடிவிடுவார்கள். மூடினால் மறுபடி ஆய்வகம், மறுபடி கண்ணாடித் தகடு.

திங்கட்கிழமை இரண்டு பக்கமும் ஏறக்குறைய பாதிப் பாதி இருந்தது.

செண்பகவல்லி கரும்பலகையில் ஒரு வேரை வரைந்தாள். அழகாகத்தான் வந்தது. திரும்பி வாயைத் திறக்கிறாள், தடுப்புக்கு அந்தப் பக்கம் ஜெபராணியின் குரல்.

"ஓடுற பஸ்ல டிரைவர் டக்குனு பிரேக் போடுறாரு. எல்லாரும் முன்னாடி போய் விழுறோம். நம்மள யாராச்சும் தள்ளுனாங்களா?"

"இல்ல மிஸ்!"

"அப்போ பின்னாடி நிக்கிற அண்ணாச்சியத் திட்டாதீங்க. பஸ் நின்னுருச்சு. உங்க உடம்புக்கு இன்னும் தகவல் வரல, அவ்வளவுதான்."

கொல்லென்று சிரிப்பு. தடுப்புப் பலகையே அதிர்ந்தது.

செண்பகவல்லியின் பிள்ளைகள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் திரும்பினதை அவள் பார்த்தாள். வேருக்கு வந்தாள், ஆனால் காது வரவில்லை.

மறுநாள் அவள் பக்கம் இரண்டு பெஞ்சு காலி.

மத்தியானம் ஜெபராணி டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இந்தாங்க செண்பகம், எங்க அத்தை போட்ட மாங்கா ஊறுகா. உங்க பக்கம் எவ்வளவு அமைதியா இருக்கு! எங்க பக்கம் ஒரே சந்தக்கடை, தொண்டையே போச்சு."

வெறும் பேச்சுதான். செண்பகவல்லிக்கு அது முள்ளாகக் குத்தியது. அமைதியா இருக்காம்! ஆளே இல்லைங்கிறதை எவ்வளவு நைசா சொல்றா! ஊறுகாய் நன்றாக இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

அன்று மத்தியானமே ஒரு யோசனை செய்தாள். அவளுக்கு மட்டும்தான் பேச வருமா, நமக்கு வராதா?

"வேர் தண்ணிய உறிஞ்சி மேல அனுப்புது. எப்படி அனுப்புது? தண்டை ஒரு பஸ்ஸுன்னு வச்சுக்கோங்க. அதுல ஒரு கண்டக்டர்…"

கடைசி பெஞ்சில் ஒரு பையன் பாவமாகக் கையைத் தூக்கினான். "மிஸ், இந்த பஸ் நேத்தே அந்தப் பக்கம் போயிருச்சு."

வகுப்பு சிரித்தது. அந்த வாரம் அவள் வகுப்பு சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

புதன்கிழமை உலகம்மை மேடம் சுற்றிப் பார்க்க வந்தார். செண்பகவல்லியின் பக்கம் எட்டிப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நகர்ந்தார். அந்தப் பக்கம் போனவர் நின்றுவிட்டார். ஜெபராணி ஏதோ கேட்டாள், பிள்ளைகள் ஏதோ கத்தினார்கள், எல்லாரோடும் சேர்ந்து மேடமும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு செண்பகவல்லிக்கு நன்றாகத் தெரியும். படிக்கிற காலத்தில் அவள் ஒரு முழுப் பூச்செடியைப் பிரித்து ஒட்டிக் கொண்டுபோய்க் காட்டியபோது மேடம் அப்படித்தான் சிரித்தார். இத்தனை நாளும் அது தனக்கே உரியது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ்." முன் பெஞ்சில் ஒரு பெண். முத்துப்பேச்சி என்று பேர். திங்கட்கிழமை முதல் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறவள். "மிஸ், வேப்பமரம் மட்டும்…"

அந்தப் பக்கம் ஜெபராணி, "அப்போ கண்டக்டர் மட்டும் ஏன் விழல?" என்றாள்.

"ம்… பிறகு பார்ப்போம், உக்காரு" என்றாள் செண்பகவல்லி.

வியாழக்கிழமை முத்துப்பேச்சியின் இடம் காலி. தடுப்புக்கு மேலே எட்டிப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. "கண்டக்டருக்கு பிரேக் போடுறது முன்னாடியே தெரியும் மிஸ்" என்று அந்தப் பக்கமிருந்து வந்த அவள் குரலே சொல்லிவிட்டது.

சாயங்காலம் பிள்ளைகள் போனதும் செண்பகவல்லி நேரே மேடத்தின் அறைக்குப் போனாள்.

உலகம்மை நுங்கு தின்றுகொண்டிருந்தார். மேசையில் ஓலையை விரித்து, கட்டைவிரலால் தோண்டி எடுத்து, பேராசிரியர் என்கிற நினைப்பே இல்லாமல்.

"வா செண்பகம். உக்காரு. நுங்கு எடுத்துக்கோ."

"வேண்டாம் மேடம். எனக்கு வேற இடம் வேணும்."

"எதுக்கு?"

"வகுப்பு நடத்த. அந்த ஹால் வேண்டாம்."

"வெள்ளையடிக்கிறது இன்னும் முடியலையே."

"வேப்பமரத்தடியில போட்டாலும் சரி. அந்தத் தடுப்புக்குப் பக்கத்துல மனுஷி நிக்க முடியாது. ஒரே கூத்தும் சிரிப்பும். அதுக்குப் பேரு பாடமா மேடம்?"

"இல்லையா?"

"பிள்ளைகளுக்கு மிட்டாய் காட்டுற மாதிரி இருக்கு. கூட்டம் சேக்கணும்னா நானும்தான் சேப்பேன்."

"சேத்துப் பாத்தியா?"

செண்பகவல்லிக்கு அந்த பஸ் ஞாபகம் வந்தது.

உலகம்மை ஒரு நுங்கை அவள் பக்கம் தள்ளினார். "தின்னு. வயிறு எரியுறப்போ இதுதான் நல்லது."

"எனக்கு ஒண்ணும் எரியல."

"சரி, எரியல. அப்படியே தின்னு."

செண்பகவல்லி நுங்கை எடுக்கவில்லை. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. "சனிக்கிழமை என் வகுப்ப மூடிருவாங்க மேடம். நான் ராவும் பகலும் உக்காந்து எழுதுன பாடம். எனக்குத் தெரியாததா அவளுக்குத் தெரிஞ்சுருச்சு? அவகிட்ட அப்படி என்னதான் இருக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் வாசல்ல சும்மா கொஞ்ச நேரம் நின்னேன். நீதான் பக்கத்துல இருக்க. நீ சொல்லு. திங்கக்கிழமை என்ன நடத்துனா?"

"நிக்கிற பொருள் நிக்கவே பாக்கும், ஓடுற பொருள் ஓடவே பாக்கும். அதுதான்."

"அத எப்படிச் சொன்னா?"

செண்பகவல்லி சொன்னாள். முதலில் வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தாள். ஓடுகிற பஸ், பிரேக், அண்ணாச்சி. "உங்க உடம்புக்கு இன்னும் தகவல் வரல" என்ற இடத்தில் ஜெபராணி குரலைத் தாழ்த்துவாள். செண்பகவல்லியும் தாழ்த்தினாள். உலகம்மை சிரித்துவிட்டார்.

"அப்புறம்?"

அப்புறம் செவ்வாய்க்கிழமை. தென்னைமரத்திலிருந்து ஒரே நேரத்தில் தேங்காயும் ஓலைத் துண்டும் விழுந்தால் எது முதலில் தரைக்கு வரும், ஓலை ஏன் சுற்றிச் சுற்றி வருகிறது, காற்றுக்கு அதில் என்ன வேலை. எந்த இடத்தில் ஜெபராணி மேசையைத் தட்டினாள், எந்தப் பையன் தப்பாகச் சொன்னான், அவனைத் திட்டாமல் எப்படித் திருத்தினாள். புதன்கிழமை கண்டக்டர். அவர் காலை அகட்டி, கம்பியில் சாய்ந்து நிற்கிற விதத்தைச் செண்பகவல்லி எழுந்து நின்றே காட்டினாள். இன்றைக்குக் கிணற்றுக் கப்பி. கயிற்றைக் கீழே இழுத்தால் வாளி ஏன் மேலே வருகிறது என்று கேட்டதற்கு ஒரு பிள்ளை, "அதுக்குத் தண்ணி வேணாமாம் மிஸ்" என்று சொன்னதாம்.

உலகம்மைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. செண்பகவல்லி தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். மேடத்தை நாமும் சிரிக்க வைத்துவிட்டோம் என்று ஒரு நொடி அவள் முகம் மலர்ந்தது. சிரித்தது யாருடைய பேச்சுக்கு என்று உறைத்ததும் மலர்ந்தது வாடியது.

"ஒரு சொல்லு விடாம சொல்றியே, செண்பகம்! படிக்கிற காலத்துல என் பாடத்தக்கூட நீ இப்படித் திருப்பிச் சொன்னதில்ல."

"காதுல விழுதுல்ல மேடம்."

"விழுது, விழுது." உலகம்மை கையைத் துடைத்துக்கொண்டார். "சரி, உன் வகுப்புக்கு வா. நேத்து என்ன நடத்துன?"

"இலைத்துளை."

"பிள்ளைங்க என்ன கேட்டாங்க?"

"ஒண்ணும் கேக்கல. எங்க கேக்குதுங்க?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "முத்துப்பேச்சின்னு ஒரு பொண்ணு கேட்டா" என்றாள்.

"என்ன கேட்டா?"

"வேப்பமரத்தப் பத்தி என்னமோ."

"என்னமோன்னா?"

செண்பகவல்லி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. கண்டக்டர் கம்பியில் சாய்ந்து நின்றதுதான் வந்தது.

"வேற யாரு கேட்டா? கடைசி பெஞ்சுல ஒரு பையன் இருந்தானே, அவன் பேரென்ன?"

தெரியவில்லை.

"வேர் பாடத்த எதுவரைக்கும் சொல்லி நிறுத்துன?"

அதுவும் நினைவில்லை.

வெளியே வெள்ளையடிக்கிற ஆட்கள் ஏணியை மடக்கி வைக்கிற சத்தம் கேட்டது.

"அந்தப் பொண்ணு இன்னிக்கு எங்க?" என்றார் உலகம்மை.

"அவளும் போயிட்டா மேடம். அவ ஒருத்தியாச்சும் இருப்பான்னு நெனச்சேன். என்னை விட்டுட்டு அந்தப் பக்கம் போயிட்டா."

"அவ இன்னிக்குத்தான போனா? நீ திங்கக்கிழமையே போயிட்டியே" என்றார் உலகம்மை. "சனிக்கிழமை உன் பேரை எந்தப் பக்கம் எழுதட்டும்?"