செம்பருத்தியின் அளவு

தணிகாசலம் சர்வே ஆபீசில் முப்பத்தாறு வருஷம் வயல் வரப்புகளை வரைபடமாக்கி ஓய்வு பெற்றவர். அவருக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்த அமலோற்பவத்துக்கு வயது முப்பது. வயதென்ன வயது, குரு குருதான் என்று "டீச்சர்" போட்டே கூப்பிடுவார்.

அன்று பகல், கண்ணாடி டம்ளரில் மூன்று செம்பருத்திகளோடு வகுப்புக்கு வந்தார். அவர் மனைவி நீலாயதாட்சி வைத்த செடி. இரண்டு வருஷம் மொட்டே விடாமல் இருந்து அன்றுதான் பூத்தது. அவளோ நாலு நாளாய் ஆஸ்பத்திரியில். மறுநாள் இதய ஆபரேஷன். வார்டுக்குள் பூவை விடமாட்டார்கள்.

"ஊர் வரப்பையெல்லாம் வரைஞ்சீங்க, என் செடியில ஒரு பூ பூத்தா வரைவீங்களா?" என்று அவள் முன்பு கேலி செய்தது இப்போது முள்ளாய்க் குத்தியது. ஐந்து மணிக்குப் பார்வை நேரம். அதற்குள் பூவை வரைந்து எடுத்துப் போக வேண்டும்.

கவராயமும் அளவுகோலுமாக உட்கார்ந்தார். நாலாவது இதழுக்கு வருவதற்குள் முதல் இதழ் சுருண்டுவிட்டது. அழித்தார், மறுபடி அளந்தார். மூன்று மணிக்குத் தாளில் ரப்பர் தூள்தான் மிச்சம். வெறுங்கையோடு போய் நிற்கப் போகிறோமே என்று கடிகாரத்தைப் பார்த்தார்.

"எல்லைக்கல்லு இப்பிடி நகராது டீச்சர்."

அமலோற்பவம் கவராயத்தை எடுத்து அலமாரியில் வைத்தாள். அடுத்து அவருடைய மூக்குக்கண்ணாடியையும் கழற்றிக்கொண்டாள்.

"ஐயோ, ஒண்ணும் தெரியலியே."

"என்னதான் தெரியுது?"

"மூணு எடத்துல செவப்பு. தண்ணில கொஞ்சம் வெளிச்சம்."

"அதப் போடுங்க சார்."

பெரிய பிரஷ் ஒன்றைக் கையில் கொடுத்தாள். போட்டார். வகுப்புச் சுவரில் தொங்கிய, கோடே இல்லாமல் வண்ணத் திட்டுகளால் ஆன இம்ப்ரெஷனிஸ்ட் பூச்சாடிப் படத்தை "நனைஞ்ச துணி" என்று ஆறு மாதமாய்ப் பரிகாசம் செய்த மனுஷன், அதே மாதிரி அள்ளி அள்ளி அப்பினார். அரை மணி ஆனது.

கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு பார்த்தார். டம்ளரில் பூக்கள் கூம்பிக் கிடந்தன. தாளில் விரிந்திருந்தன. நாலு நாளாய் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கி, அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆனாலும் பழக்கம் விடுமா?

"இதழே தனியா தெரியலியே டீச்சர். அவ கேட்டா என்ன சொல்றது?"

"காலைல போன்ல பேசினேன்னீங்களே, அப்ப அவங்க என்ன கேட்டாங்க?"

"பூத்துடுச்சான்னு கேட்டா."

"அதுக்குத்தான் பதில் போட்டிருக்கீங்க. காயட்டும்னு பாக்காதீங்க, கெளம்புங்க சார்."