குழம்பு வாளி

"டீச்சர், என் பந்துல அப்படி என்ன குறை?"

பயிற்சி முகாமின் சமையல்கட்டில் ரெபேக்காள் டீச்சர் வாழைக்காய் அரிந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"குறைன்னு யாரு சொன்னா?"

"அப்போ அந்த இடத்த எனக்கே தாங்க."

தவசீலி கேட்டது வாலிபாலில் பந்தைத் தூக்கிப் போடுகிற இடம். கைதட்டெல்லாம் அடிக்கிறவளுக்குத்தான். ஆனால் எவளுக்கு, எந்தப் பக்கம், எவ்வளவு உயரம் என்று கண் மூடித் திறப்பதற்குள் முடிவு செய்து தூக்கிப் போடுகிறவள் ஒருத்தி இருக்கிறாளே, அவள் கையில்தான் மொத்த அணியும் இருக்கிறது.

அதுவரை போட்டவள் கல்யாணமாகி மும்பைக்குப் போய்விட்டாள். அவளுக்கு மாற்றாக வருஷக்கணக்காய்ப் பெஞ்சில் காத்திருந்தவள் எஸ்தர். இனி எஸ்தர்தான் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். தவசீலி புதுசாக வந்தவள்.

"எஸ்தர் இருக்காள்லா?"

"அக்கா நல்லாத்தான் போடுதாவ. நான் அதவிட நல்லாப் போடுதேன்."

டீச்சர் அப்போதுதான் நிமிர்ந்தார். திட்டவில்லை.

"ஞாயித்துக்கிழம ரெண்டு பேரையும் ஆடவிட்டுப் பாப்போம். அதுவரைக்கும் நீ குழம்பு வாளியத் தூக்கு."

"வாளியா?"

"முகாமுல பந்தி விளம்ப ஆள் இல்லட்டி."

தவசீலி பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள். இதிலும் ஒரு சொல் வரக்கூடாது என்று வைராக்கியம்.

ஜெபம் முடிந்ததும் பந்தியில் இறங்கினாள். எல்லாருக்கும் ஒரே அளவு. ஒரு சொட்டு சிந்தவில்லை.

"எப்படி டீச்சர்?"

"மெர்லின் எப்படிச் சாப்பிட்டா?"

"தட்டுலதான்."

பந்தியே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டார்.

"நாளைக்கும் நீயே விளம்பு."

மறுநாளும் அதே கேள்வி. அதற்கும் மறுநாளும்.

"டீச்சர் ஒன்னயச் சமையலுக்குல்லா எடுத்திருக்காவ! இங்கயும் கொஞ்சம் போடு, தாயே" என்று நக்கலடித்தாள் மெர்லின். அணியில் அவள் அடிக்குத்தான் மவுசு.

தவசீலிக்கு அழுகை முட்டியது. வாளியை மட்டும் கீழே வைக்கவில்லை.

ஒருநாள் கரண்டியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, சாப்பிடுகிறவர்களைப் பார்த்தாள்.

பந்தடிக்கிற இன்னொருத்தி ஸ்டெல்லா, போதும் போதும் என்று கையைக் குறுக்கே நீட்டுவாள்; கண் வாளியை விட்டுப் போகாது. அவளுக்கு இன்னொரு கரண்டி போட்டாள்.

மெர்லின் கையை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. வாயைத் தட்டுக்குக் கொண்டுபோனாள்.

தவசீலி வாளியோடு அப்படியே நின்றாள்.

"என்னட்டி பாக்க? போடு."

போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. முதலில் எஸ்தர் இறங்கினாள். ஒவ்வொரு பந்தும் கையால் கொண்டுபோய் வைத்தமாதிரி உயரத்தில் நின்றது. மெர்லின் எம்பி அடித்தாள். வலையில் போய் முட்டியது. எஸ்தர் மறுபடி போட்டாள். மெர்லின் அடித்த பந்து கோட்டுக்கு வெளியே போனது.

"போட்ட பந்தக் கெடுக்காதட்டி!" எஸ்தருக்குக் குரல் உடைந்துவிட்டது. எத்தனை வருஷக் காத்திருப்பு!

அடுத்து அதே அணிக்குத் தவசீலி.

"போடு! எனக்குப் போடு!" என்றாள் மெர்லின்.

பந்து ஸ்டெல்லாவுக்குப் போனது.

"ஏட்டி, போடு!"

மறுபடியும் ஸ்டெல்லாவுக்கு.

"ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

எதிரணி முழுக்க ஸ்டெல்லாவின் பக்கம் சாய்ந்தது. அப்போது போட்டாள் மெர்லினுக்கு. தாழ்வாக, வலையை ஒட்டி, இடது கைக்கு.

மெர்லின் லேசாகத் தட்டினாள். பந்து காலித் தரையில் விழுந்தது.

மெர்லின் அவளையே பார்த்தாள். கை தன்னையறியாமல் வலது தோளுக்குப் போனது.

"யாரு சொன்னா ஒனக்கு?"

"குழம்பு ஊத்தும்போது பாத்தேன்க்கா."

ஆட்டம் முடிந்து டீச்சர் விசில் ஊதினார்.

"மெர்லினு, நாளைக்கு டாக்டர்ட்ட போறோம். இனிமே தவசீலி போடுவா."

மத்தியானம் பந்தி முடிந்தது. தவசீலி வாளியை டீச்சர் முன்னால் வைத்தாள்.

"இதுக்கு வேற ஆளப் பாருங்க டீச்சர். எனக்கு இனி ஆட்டந்தான்."

"சரி. எல்லாரும் சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு."

"எல்லாரும்?"

தவசீலி திரும்பிப் பார்த்தாள். கழுவிக் கவிழ்த்த தட்டு ஒன்று யாரும் எடுக்காமல் அப்படியே கிடந்தது. மைதானத்தில் பந்து சுவரில் மோதுகிற சத்தம். விடாமல் கேட்டது.

தட்டில் சோற்றை வைத்து, வாளியையும் எடுத்துக்கொண்டு போனாள்.

சுவரில் பந்தடித்துக்கொண்டிருந்த எஸ்தர் திரும்பவில்லை. "அந்த இடத்த நான் விட்டுட்டேன்னு நெனச்சுக்கிடாத."

"விடாதீங்கக்கா. கையக் கழுவுங்க."

பந்து சுவரில் இன்னொரு முறை மோதித் திரும்பி வந்தது. எஸ்தர் பிடித்து நிறுத்தினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, தட்டின் முன்னால் உட்கார்ந்தாள்.

"போடு."

தவசீலி கரண்டியைப் பார்க்கவில்லை.