தண்ணீர்த் தொட்டி மேல் மாப்பிள்ளை

சாத்தப்பநேரியில் அண்ணன் தம்பி மூன்று பேர் இருந்தார்கள். மூத்தவன் பூவலிங்கம், நடுவில் மாடக்கண்ணு, கடைசி அங்குசாமி. ஒன்றைச் சொல்லிவிட்டால் இம்மி பிசகாமல் செய்கிற குடும்பம். அதனால்தானோ என்னவோ, பூவலிங்கத்துக்கு நாற்பத்தொரு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை.

ஒருவழியாக ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் தாய்மாமா மஸ்கட்டில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வீடியோ காலில் மாப்பிள்ளையையும் வீட்டையும் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு. இதையும் விட்டால் பூவலிங்கம் காலம் முழுக்கக் கட்டைப் பிரம்மச்சாரிதான். ஊரில் போன் சிக்னல் அரைகுறை என்பதால் வீட்டுக்கு நெட் போட்டார்கள்.

ரவுட்டர் மாட்ட வந்த ஸ்டெல்லாவுக்கு இன்னும் ஏழு வீடு பாக்கி. பெட்டியின் விளக்கை எரியவிட்டு, வண்டியில் ஏறிக்கொண்டே சொன்னாள்.

“அண்ணாச்சி, பெட்டிய உசரமான எடத்துல வைங்க. குறுக்க செவரு வரக்கூடாது. கம்ப்யூட்டருக்கு வயர் குத்திக்கோங்க, போனுக்கு வயர் வேண்டாம். பாஸ்வேர்டு இந்தச் சீட்டுல இருக்கு. யாருக்கும் சொல்லிராதீங்க.”

அங்குசாமி சீட்டை வாங்கி மனப்பாடம் செய்தான். பிறகு அதை வாயில் போட்டு மென்று விழுங்கினான்.

“நம்ம வீட்டுலயே உசரம் எது?” என்றான் பூவலிங்கம்.

மூவரும் யோசித்தார்கள். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிதான். கேபிளை மேலே இழுத்து, பெட்டியைத் தொட்டி மேல் வைத்து, வெயில் படாமல் குடை கட்டினார்கள். வயர் எட்டாததால் கம்ப்யூட்டரும் மேலே போனது. குறுக்கே சுவர் கூடாதே, ஆட்களும் மேலே போனார்கள்.

“மாமா வீட்டையும் பாக்கணும்னாரே?” என்றான் மாடக்கண்ணு.

நியாயமான கேள்வி. சோபா, பீரோ, கடிகாரம் எல்லாம் ஏறின. கடைசியில் வாசல் கதவையும் கழற்றிக் கொண்டுவந்து சாத்தி வைத்தார்கள்.

பூவலிங்கம் தன் போனை எடுத்தான். “பாஸ்வேர்டு கேக்குதுல. சொல்லு.”

“யாருக்கும் சொல்லக்கூடாதுண்ணே.”

“நான் ஒன் கூடப்பொறந்தவம்லா?”

“யாருக்கும்னா அதுல கூடப்பொறந்தவனும் உண்டு.”

“சரி, நீயே என் போன்ல போட்டு விடு.”

“ஒம் போனுக்குத் தெரிஞ்சிருமே.”

பூவலிங்கத்துக்குப் பெருமையாக இருந்தது. தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும். அங்குசாமி போர்வைக்குள் புகுந்து தன் போனில் மட்டும் போட்டான். அதில் சார்ஜ் ஐந்து சதவீதம். அவன் செருகிய சார்ஜரை மாடக்கண்ணு பாய்ந்து பிடுங்கினான்.

“போனுக்கு வயர் வேண்டாம்னு அந்தப் பிள்ள சொல்லிச்சா இல்லையா?”

மாமாவுக்கு அங்குசாமியின் நம்பரைச் சொல்லி அனுப்பினார்கள். பதினோரு மணிக்கு அவர் வீடியோ காலில் வந்தார். சோபா, பீரோ, பட்டு வேட்டியில் பூவலிங்கம், தலைக்கு மேல் வானம்.

“வீடு நல்ல காத்தோட்டமா இருக்கே” என்று மகிழ்ந்தார். “மாப்பிள்ளையும் அடக்கமா இருக்காரு. சம்மதம். தம்பி, போனைக் காதுல வைங்க, ஒரு விஷயம்.”

அங்குசாமி காதில் வைத்து, “சரிங்க மாமா, சரிங்க மாமா” என்று தலையாட்டினான். அத்தோடு போன் அணைந்தது. வயர் வேண்டாம் என்று சொன்ன போனுக்கு அப்புறம் யார் சார்ஜ் போடுவார்கள்?

“என்னல சொன்னாரு?”

“கல்யாணத் தேதியும் மண்டபமும் சொன்னாருண்ணே.”

“என்னைக்கு?”

“கண்ணு பட்டிருமாம். யாருக்கும் சொல்லக்கூடாதாம்.”

“மாசமாவது சொல்லேன்.”

“பாதி சொன்னாலும் சொன்னதுதாண்ணே.”

அன்றிலிருந்து பூவலிங்கம் தினமும் விடியற்காலையில் குளித்து, பட்டு வேட்டி கட்டி, தொட்டி மேல் தயாராக உட்கார்ந்தான். ஒரு வெள்ளிக்கிழமை அங்குசாமி புதுச் சட்டை போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினான்.

“எங்கல போற?” என்று மேலிருந்து கேட்டான் பூவலிங்கம்.

“ஒரு கல்யாணத்துக்குண்ணே. யாரு கல்யாணம்னு சொல்லக்கூடாது.”

“சாப்பிட்டதும் வந்திரு. எனக்கு இன்னைக்கே கல்யாணமா இருந்தாலும் இருக்கும்.”